மரம் என்று பெயர்

மூன்றாம் எண் மரத்தை
மூன்று வருடமாகத் தோளில் சுமக்கிறேன்,
கம்பளிக் குல்லாயைக் கழற்றாமல்.

மரம் என்பது பெயர்தான். உடம்பு உலோகம்.
ஒரு சாயங்காலம், கடைசி நோயாளியும் போனபின்
எக்ஸ்ரே மேசையில் அதைப் படுக்க வைத்தேன்.
விலா இல்லை, முள்ளந்தண்டு இல்லை,
மண்டைக்குள் வெறும் காலி.
மூலையில் மட்டும் உறைந்துபோன பசை ஒரு சொட்டு,
சொத்தைப் பல் மாதிரி.

படத்தைப் பரஞ்சோதிக்கு அனுப்பினேன்.
அவர் பல் வைத்தியர்.
(ஊரின் பெயரிலேயே பல் இருக்கிறது, நான் எப்படிக்
கடையை மூடுவேன் என்பார், பல்லாரட்டுக்கு வந்த
எந்த விருந்தாளியையும் விடாமல்.)
"பிடுங்கிவிடு" என்று பதில் வந்தது.

ஜூலை ஞாயிறு, காலை எட்டு.
புல்லெல்லாம் வெள்ளை.
கால் வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம்.
நாங்கள் நாலு பேர்.
அபிப்பிராயம் நாலு, குளிர் கூடினால் ஐந்து.

நெவில் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர்:
"பந்தைத் தூக்க நினைக்காதே.
ஆணி அறைகிற மாதிரி மேலிருந்து இறக்கு.
எழும்புவது அதன் வேலை, உன் வேலை இல்லை."

பேக்கரி நடத்தும் லினெட் உதட்டைப் பிதுக்குவாள்:
"அறைவதா? மேசையில் சிந்திய மாவை
உள்ளங்கையால் வழித்துத் தள்ளு. அவ்வளவுதான்."

பரஞ்சோதி கட்சி மாறியவர்.
இரும்புக்கும் மரத்துக்கும் பிறந்த ஹைப்ரிட் ஒன்றை
வாங்கிய நாளிலிருந்து
புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர் போலப் பேசுகிறார்.
நெட்டைப் புல்லில் கிடந்தாலும் எடுக்குமாம்,
மழையில் எடுக்குமாம், மனசு சரியில்லாவிட்டாலும்.

"ஏழாம் எண் மரம் எதற்கு இருக்கிறது?" என்பாள் லினெட்.
"அது ஓய்வு பெற்றவர்களுக்கு" என்பார் நெவில்.
அவர் ஓய்வு பெற்றுப் பதினொரு வருடம்.

பதினாலாவது குழி.
இரண்டு அடி அடித்தாயிற்று.
ஓடைக்கு அப்பால் கொடி, நூற்று நாற்பது மீட்டர்.
"ஓடைக்கு முன்னாலே நிறுத்து" என்றார் பரஞ்சோதி,
"எட்டாம் இரும்பு, பிறகு ஒரு சின்னத் தட்டு,
மரியாதையாக ஆறு."

மரியாதையாக ஆறு.
இந்த நாட்டில் நான் எழுதிய பரீட்சை,
வாங்கிய வீடு, ஓட்டுகிற கார்
எல்லாமே அதுதான்.

குல்லாயைக் கழற்றினேன்.
மூவரும் ஒரே மூச்சில்:
அறை. வழி. வேண்டாம்.
தைலமர உச்சியிலிருந்து மாக்பை ஒன்றும்
தன் பங்குக்கு ஏதோ சொன்னது.

அடி பந்தின் உச்சந்தலையில் பட்டது.
எழும்பவில்லை.
விரட்டப்பட்ட முயலாகத் தரையோடு ஓடி
ஓடையை நோக்கியே போய்
நடைபாலத்தின் பலகையில் ஏறி
டக், டக், டக்டக்
அக்கரை இறங்கி மேடேறிப்
பச்சையின் ஓரத்தில் உட்கார்ந்தது.

அந்தப் பலகை அசல் மரம்.
யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"பார்த்தாயா, மேலிருந்து இறக்கினாள்!" என்றார் நெவில்.
"வழித்தாள், ஐயா, வழித்தாள்" என்றாள் லினெட்.
பரஞ்சோதி சற்று யோசித்து,
"ஹைப்ரிட் என்றால் குழிக்குள்ளேயே போயிருக்கும்."
அடிக்கும்போது என் கண் மூடியிருந்ததை
நான் சொல்லவில்லை.
அங்கிருந்து மூன்று தட்டு.
ஆறு.

கார் நிறுத்துமிடத்தில்தான் பார்த்தேன், குல்லாய் இல்லை.
அவர்கள் சூப் குடிக்க உள்ளே போனார்கள்.
நான் திரும்பி நடந்தேன்.
பனி உருகி எங்கள் காலடிகள் அழிந்திருந்தன.
குல்லாய் கிடந்தது, நனைந்து,
குழந்தை உதறிய காலுறை போல.

பையில் இரண்டு பந்து மிச்சம்.
சுற்றிலும் யாரும் இல்லை.

முதல் பந்து ஓடையில்.
பாலத்துக்கு இந்தப் பக்கமே, சத்தமில்லாமல்.

இரண்டாவது என்ன ஆனது என்று
யாரிடமும் சொல்வதாக இல்லை.
சொன்னால் அபிப்பிராயம் வரும்.